எண்ணாமல் விட்ட கணக்கு

அமெரிக்க பேஸ்பால் வரலாற்றிலேயே அதிகமான பேட்டிங் சராசரி யாருடையது? பல தலைமுறைகளாக இந்தக் கேள்விக்கு ஒரே விடைதான்: டை காப். 1928-ல் ஓய்வுபெற்ற அவரது சராசரி .367. வினாடி வினா நடத்துபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம், பதில் சொல்பவர்களும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்கிற அளவுக்கு உறுதியான விடை அது. 2024-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதி அந்த விடை மாறியது. புதிய விடை ஜாஷ் கிப்ஸன். அவர் இறந்து அப்போது 77 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்காக ஒரு விளக்கம். பேஸ்பாலில் சராசரி என்பது ஓட்டங்களின் கணக்கல்ல. ஓர் ஆட்டக்காரர் மட்டை பிடித்த முறைகளில் எத்தனை முறை பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக ஓடிச் சேர்ந்தார் (இதுதான் ‘ஹிட்’) என்ற விகிதம். பத்தில் மூன்று முறை சேர்ந்தாலே அவர் நட்சத்திரம். கிப்ஸனின் சராசரி .372. அதாவது ஆயிரத்துக்கு 372 முறை. 1943-ல் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்காக அவர் ஆடிய சீசனில் அது .466.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரரை ஏன் அத்தனை காலம் யாரும் கணக்கில் எடுக்கவில்லை? அவர் கறுப்பினத்தவர். அன்றைய பெரிய லீகுகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை. அவர்கள் தங்களுக்கென்று ‘நீக்ரோ லீக்’ என்ற பெயரில் தனி லீகுகளை நடத்திக்கொண்டார்கள். பேருந்திலேயே தூங்கி, ஊர் ஊராகப் போய், ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டங்கள்கூட ஆடினார்கள். அந்த ஆட்டங்களின் ஸ்கோர் அட்டைகள் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’, ‘சிகாகோ டிஃபெண்டர்’ போன்ற கறுப்பர்களின் பத்திரிகைகளில்தான் வந்தன. பல ஆட்டங்களுக்கு அதுவும் இல்லை. ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளை நூலகங்களில் பக்கம் பக்கமாகப் புரட்டி அந்த எண்களைத் திரட்டினார்கள். 2020 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகம் 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீகுகளை ‘மேஜர் லீக்’ என்று ஏற்றுக்கொண்டது. மேலும் மூன்றரை ஆண்டுகள் கழித்து 2,300-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் எண்கள் அதிகாரப்பூர்வப் புத்தகத்தில் ஏறின.

கிப்ஸன் இதில் எதையும் பார்க்கவில்லை. 1947 ஜனவரி 20-ல், 35 வயதில் இறந்துபோனார். ஜாக்கி ராபின்ஸன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி நிறத்தடையை உடைத்தது அதே ஆண்டு ஏப்ரல் 15-ல். இடையில் மூன்று மாதம்கூட இல்லை. கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் கிப்ஸனின் பட்டயம் இருக்கிறது. ஏறக்குறைய 800 ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடிக்கும் ஹிட்) அடித்தவர் என்கிறது அது. லீக் ஆட்டங்களில் இன்று எண்ணிக் காட்ட முடிவது அதில் கால்வாசிகூட இல்லை. மற்றவை கண்காட்சி ஆட்டங்களிலும், யாரும் குறித்து வைக்காத ஊர் மைதானங்களிலும் போயின.

வில்லி மேஸுக்கு மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தது. 1948-ல் பதின்பருவத்தில் பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் அணிக்காக அவர் அடித்த 10 ஹிட்டுகள் 2024 மே மாதத்தில் அவர் கணக்கில் சேர்ந்தன. மொத்தம் 3,293 ஆனது. அடுத்த மூன்று வாரத்துக்குள், ஜூன் 18-ல், 93 வயதில் அவர் காலமானார். அந்தப் பத்து ஹிட்டும் சேர்ந்ததை உயிரோடு இருந்து பார்த்தார்.

விளையாட்டுத் துணுக்குகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ரயில் பயணத்தில் கேட்டுச் சிரித்துவிட்டு மறந்துவிடும் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு துணுக்குக்குப் பின்னாலும் ஒரு கை உட்கார்ந்து எழுதியிருக்கிறது. எதை எழுதுவது, யாரை விடுவது என்று அந்தக் கையோ அதற்குச் சம்பளம் கொடுத்தவர்களோ முடிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்க விளையாட்டின் பழைய துணுக்குகளை இந்தக் கேள்வியோடு படித்தால் அந்த நாட்டின் நிறமும் கூலியும் போரும் அவற்றில் தெரியும்.

சாக்லேட் ஊரில் 100 புள்ளிகள்

1962 மார்ச் 2. பென்சில்வேனியா மாநிலத்தில் சாக்லேட் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊரான ஹெர்ஷி. ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸுக்கும் நியூயார்க் நிக்ஸுக்கும் ஒரு சாதாரண என்.பி.ஏ. கூடைப்பந்து லீக் ஆட்டம். பார்க்க வந்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சி இல்லை. நியூயார்க் பத்திரிகைகள் ஆள் அனுப்பவில்லை. அந்த இரவில்தான் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். என்.பி.ஏ.யில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

அவருடைய ஃப்ரீ த்ரோ மோசம் என்பது ஊரறிந்த விஷயம். வாழ்நாள் கணக்கில் பாதிதான் உள்ளே போயிருக்கும். அன்றைக்கு 32-ல் 28 போயின. அந்த சீசனில் அவர் இரண்டு கைகளாலும் பந்தைத் தாழப் பிடித்துக் கீழிருந்து மேலே வீசும் முறையைப் பின்பற்றினார். பலன் தந்த அந்த முறையைப் பிற்பாடு கைவிட்டார். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்ற கூச்சம்தான் காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

அந்த ஆட்டத்தின் சலனப்படம் ஒரு நொடிகூடக் கிடையாது. வானொலியின் நடுநிசி மறு ஒலிபரப்பை ஒரு கல்லூரி மாணவர் டேப்பில் பிடித்து வைத்ததால் கடைசிக் கால்பகுதியின் வர்ணனை மட்டும் பிழைத்தது. உலகம் அறிந்த அந்தப் புகைப்படம், லாக்கர் அறையில் ‘100’ என்று எழுதிய தாளை சேம்பர்லின் நெஞ்சுக்கு நேரே பிடித்திருக்கும் படம், ஹார்வி பொல்லாக்கின் யோசனை. அவர் வாரியர்ஸின் விளம்பரப் பொறுப்பாளர். அன்றைக்கு அதிகாரப்பூர்வ ஸ்கோரரும் அவர்தான். செய்தி நிறுவனங்களுக்கும் ஃபிலடெல்ஃபியா நாளிதழுக்கும் செய்தி அனுப்பியதும் அவர்தான். அவர் இல்லாவிட்டால் அந்த இரவு வெறும் வாய்வழிக் கதையாகியிருக்கும். ஆட்டம் முடிந்ததும் சேம்பர்லின் நியூயார்க் திரும்பியது, தான் அடித்து நொறுக்கிய நிக்ஸ் அணி ஆட்டக்காரர் ஒருவரின் காரில்.

100 புள்ளிகளைவிட எனக்கு மலைப்பைத் தருவது அந்த சீசனின் இன்னொரு எண். ஓர் ஆட்டம் 48 நிமிடம். சேம்பர்லின் சராசரியாக ஆடியது 48.5 நிமிடம். கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்களையும் சேர்த்தால் அப்படி வரும். அந்த ஆண்டு முழுக்க அவர் களத்தில் இல்லாதிருந்தது எட்டே நிமிடம். அதுவும் நடுவர் வெளியே அனுப்பியதால். ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி எடுத்தும் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு வரவில்லை. ஆட்டக்காரர்களே வாக்களித்து பாஸ்டனின் பில் ரஸ்ஸலுக்குக் கொடுத்தார்கள். தற்காப்பில் ரஸ்ஸல் செய்ததை அவர்களால்தான் அறிய முடியும்.

அந்தத் தற்காப்புக்கு ஏன் எண் இல்லை? எதிராளி வீசும் பந்தைக் காற்றிலேயே தட்டிவிடும் ‘பிளாக்’கை என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியது 1973–74 சீசனில். ரஸ்ஸல் 1969-ல் ஓய்வுபெற்றார், சேம்பர்லின் 1973-ல். அந்த விளையாட்டு கண்ட மிகப் பெரிய இரண்டு தடுப்பாளர்களின் பெயருக்கு நேரே அதிகாரப்பூர்வமாக ஒரு பிளாக்கூட இல்லை. அமெரிக்கன் ஃபுட்பாலிலும் இதே கதைதான். எதிரணியின் ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கை மடக்கி வீழ்த்தும் ‘சாக்’கை என்.எஃப்.எல். 1982-ல்தான் எண்ண ஆரம்பித்தது. அந்தக் கலையின் பேராசான் டீக்கன் ஜோன்ஸ் 1974-லேயே ஆட்டத்தை விட்டுவிட்டார். புள்ளி எடுத்தவனை எண்ணும் பழக்கம் முதலில் வந்தது. தடுத்தவனை எண்ணும் பழக்கம் மிகத் தாமதமாக வந்தது.

கூடைப்பந்தில் புள்ளிகள் பெருகியதற்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1950 நவம்பர் 22-ல் ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் அணி மினியாபோலிஸ் லேக்கர்ஸை 19–18 என்று வென்றது. என்.பி.ஏ.யின் மிகக் குறைந்த ஸ்கோர் அதுதான். லேக்கர்ஸின் ராட்சத ஆட்டக்காரர் ஜார்ஜ் மைக்கனிடம் பந்து போகக் கூடாது என்று பிஸ்டன்ஸ் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். அப்படியும் லேக்கர்ஸின் 18-ல் 15 மைக்கன் எடுத்ததுதான். ரசிகர்கள் வெறுத்துப் போனார்கள். சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயஸோன் என்பவர், பவுலிங் விளையாட்டுக்கூடம் நடத்தியவர், ஒரு வழி கண்டுபிடித்தார். ரசிக்கும்படியான ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 முறை பந்தை வீசுகின்றன, ஆட்டம் 2,880 நொடி, வகுத்தால் 24. பந்து கைக்கு வந்த 24 நொடிக்குள் கூடையை நோக்கி வீசியாக வேண்டும் என்ற விதி 1954-ல் வந்தது, இன்றும் இருக்கிறது. விதி வந்த முதல் சீசனிலேயே சிரக்யூஸ் பட்டம் வென்றது. இறுதிச் சுற்றில் தோற்றது அதே ஃபோர்ட் வேன்.

ஏரிகளின் மாநிலத்தில் பிறந்ததால் லேக்கர்ஸ் என்று பெயர் பெற்ற அணி 1960-ல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தபோதும் பெயரை விடவில்லை. 1979-ல் அதை வாங்கிய ஜெர்ரி பஸ் அதற்கு முன்பே ‘லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்ட்ரிங்ஸ்’ என்ற டென்னிஸ் அணியை வைத்திருந்தார். 1978-ல் பட்டம் வென்ற அந்த அணியில் கிறிஸ் எவர்ட்டோடு நம் சென்னையின் விஜய் அமிர்தராஜும் இருந்தார். இதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

ஏரன்

கணக்குப் பிரியர்களுக்குச் சில எண்கள் தனி இன்பம். பேஸ்பாலில் செயின்ட் லூயிஸின் ஸ்டான் மியூஸியல் அடித்தது 3,630 ஹிட். சொந்த மைதானத்தில் 1,815, வெளியூர்களில் 1,815. ஐஸ் ஹாக்கியில் வெய்ன் கிரெட்ஸ்கி போட்ட 894 கோல்களையும் அழித்துவிட்டால்கூட மற்றவர்கள் கோல் போட அவர் உதவிய 1,963 முறைகளே போதும், வரலாற்றில் அவர்தான் முதலிடம். ஹாங்க் ஏரனின் எண்ணும் இந்த வகைதான். அவர் அடித்த 755 ஹோம் ரன்களையும் கழித்துவிட்டால் அவருக்கு இன்னும் 3,016 ஹிட் மிச்சமிருக்கும். ஹோம் ரன்னே அடிக்காத ஒருவர் என்று வைத்துக்கொண்டாலும் அவர் மாபெரும் ஆட்டக்காரர்.

ஏரன் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரத்துக்காரர். அந்த ஊர் ஓர் அதிசயம். சாட்சல் பேஜ், வில்லி மெக்கவி, ஆஸி ஸ்மித் என்று ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற பலர் அந்த மண்ணில் பிறந்தவர்கள். ரயில் நிலையத்தில் பயணிகளின் பைகளைத் தூக்கிச் சம்பாதித்த சிறுவன் என்பதால் பேஜுக்கு ‘சாட்சல்’ (பை) என்ற பட்டப்பெயர். நிறத்தடை விலகி அவர் மேஜர் லீகில் கால் வைத்தபோது அவருக்கு 42 வயது. அந்த ஆண்டே, 1948-ல், அவரது கிளீவ்லாண்ட் அணி உலகத் தொடரை வென்றது. 1965 செப்டம்பரில் கேன்சஸ் சிட்டி அணி அவரை மறுபடி அழைத்தது. விளம்பரத்துக்காக அவரை ஆடும் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு நர்ஸையும் நிறுத்தினார்கள். 59 வயதான மனிதர் எழுந்து போய் மூன்று இன்னிங்ஸ் பந்து வீசினார். பாஸ்டன் அணியால் ஒரே ஒரு ஹிட்தான் அடிக்க முடிந்தது.

ஏரன் 1952-ல் வீட்டைவிட்டுக் கிளம்பியது ‘இண்டியானாபோலிஸ் கிளவுன்ஸ்’ என்ற நீக்ரோ லீக் அணிக்காக. வாஷிங்டனில் ஓர் உணவகத்தில் அணியினர் சாப்பிட்டு முடித்ததும், அவர்கள் தொட்ட தட்டுகளைச் சமையலறையில் உடைத்துப் போடும் சத்தம் கேட்டதை அவர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எச்சில் தட்டைக் கழுவிக்கூட வைக்க விரும்பாத நாட்டின் தலைநகரம் அது. 21 ஆண்டுகள் கழித்து, பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் என்ற சாதனை எண்ணை அவர் நெருங்கிக்கொண்டிருந்த 1973-ல், ஓர் ஆண்டில் ஒன்பது லட்சத்துக்கும் மேலான கடிதங்கள் அவருக்கு வந்தன. வாழ்த்துகள் நிறைய. கொலை மிரட்டல்களும் நிறைய. 1974 ஏப்ரல் 8-ல் 715-ஐ அடித்தார். அந்த மிரட்டல் கடிதங்களை அவர் தூக்கி எறியவில்லை, பத்திரமாக வைத்திருந்தார். அவரும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கிளவுன்ஸில் இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரன் போன மறு ஆண்டு, 1953-ல், அந்த அணியின் இரண்டாம் பேஸில் நின்றவர் டோனி ஸ்டோன் என்ற பெண். ஆண்களோடு சேர்ந்து தொழில்முறையாக ஆடினார். பாவாடை அணிந்து ஆடினால் கூட்டம் வரும் என்றார்கள். மறுத்துவிட்டு ஆண்களின் சீருடையிலேயே ஆடினார். அங்கீகாரம் பெற்ற லீகுகளின் காலம் 1948-ஓடு முடிந்துவிடுவதால் அவருடைய எண்கள் இந்தப் புதிய புத்தகத்திலும் இல்லை.

முதல் என்றால் யார் முதல்?

‘முதல் கறுப்பின ஆட்டக்காரர் யார்’ என்ற கேள்விக்கு ஜாக்கி ராபின்ஸன் என்று எல்லோரும் சொல்வார்கள். 1884-லேயே டொலீடோ அணிக்காக மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் மேஜர் லீகில் ஆடிவிட்டார். அதன் பிறகு வெள்ளைக்காரர்கள் கூடிப் பேசிக் கதவைச் சாத்தினார்கள். எழுத்தில் இல்லாத ஓர் ஒப்பந்தம் அறுபது ஆண்டு நீடித்தது. ராபின்ஸன் திறந்தது ஏற்கெனவே ஒருமுறை திறந்திருந்த கதவு.

ராபின்ஸனின் கல்லூரிக் காலம் இன்னும் வியப்பானது. 1939-ல் லாஸ் ஏஞ்சலிஸ் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் அவரோடு கென்னி வாஷிங்டன், வுடி ஸ்ட்ரோட் இருவரும் ஆடினார்கள். மூவரும் கறுப்பர்கள். மூவரில் ஃபுட்பாலில் பெரிய நட்சத்திரம் வாஷிங்டன்தான். ஆனால் என்.எஃப்.எல். 1934 முதல் கறுப்பர்களை எடுக்கவில்லை. கல்லூரியை விட்டு அவர் வெளியே வந்தபோது ஓர் அணியும் கூப்பிடவில்லை. 1946-ல் ராம்ஸ் அணி கிளீவ்லாண்டிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வந்து, ஊரின் பொது மைதானமான கொலீசியத்தைக் கேட்டது. மக்கள் வரிப்பணத்தில் கட்டிய மைதானத்தில் கறுப்பர்களை ஒதுக்கும் அணிக்கு எப்படி இடம் தரலாம் என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். வாஷிங்டனை எடுக்க வேண்டியதாயிற்று, பின்னாலேயே ஸ்ட்ரோடையும். அப்போது வாஷிங்டனுக்கு 27 வயது, முழங்கால்கள் போய்விட்டன. மூன்று சீசன்தான் ஆட முடிந்தது. ஸ்ட்ரோட் சினிமாவுக்குப் போனார்; ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்தில் கதாநாயகனோடு சண்டையிடும் எத்தியோப்பிய வீரர் அவர்தான். ராபின்ஸனுக்கு ஓர் ஆண்டு முன்பே நடந்த இந்த உடைப்பைப் பள்ளிப் புத்தகங்கள் பேசுவதே இல்லை.

கூடைப்பந்தில் எர்ல் லாய்டின் பெயரைச் சொல்வார்கள். 1950 அக்டோபர் 31-ல் களமிறங்கிய முதல் கறுப்பர். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1947-ல், நியூயார்க் நிக்ஸ் அணியில் வாட்டரு மிஸாகா ஆடினார். ஐந்தடி ஏழு அங்குலம். பெற்றோர் ஜப்பானிலிருந்து யூட்டா மாநிலத்துக்கு வந்து குடியேறியவர்கள். யூட்டா பல்கலைக்கழகத்துக்காக 1944-ல் தேசியப் பட்டம் வென்றார். அந்த நேரத்தில் அவரைப் போன்ற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். பட்டம் வென்றதும் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, போர் முடிந்தபின் ஹிரோஷிமாவில் குண்டின் விளைவைக் கணக்கெடுக்கும் குழுவோடு அனுப்பப்பட்டார். தாய்தந்தையரின் நாட்டில், எதிரியின் சீருடையில். திரும்பிவந்து மறுபடி பட்டம் வென்றார். நிக்ஸ் அவரை ஆட வைத்தது மூன்றே ஆட்டம். எடுத்தது ஏழு புள்ளி. பிறகு விடுவித்துவிட்டார்கள். ஊருக்குப் போய்ப் பொறியாளராக வேலை பார்த்தார். 2019-ல், 95 வயதில் காலமானார். அமெரிக்க விளையாட்டுத் துணுக்குகளில் ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைப்பதானால் இவரை வையுங்கள் என்பேன்.

போர் பேஸ்பாலையும் விட்டுவைக்கவில்லை. இளைஞர்கள் எல்லோரும் சிப்பாய்களாகிவிட, 1944 ஜூனில் சின்சினாட்டி அணி 15 வயதுப் பள்ளி மாணவன் ஜோ நக்ஸ்ஹாலைப் பந்து வீச இறக்கியது. 1945-ல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸுக்கு ஒரு கை இல்லாத பீட் கிரே 77 ஆட்டம் ஆடினார். ஜெர்மனியில் விமானம் வீழ்த்தப்பட்டு ஒரு காலை இழந்த பெர்ட் ஷெப்பர்ட், அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கைக் காலோடு வாஷிங்டன் அணிக்காக ஐந்து இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். பல மொழிகள் அறிந்த கேட்சர் மோ பெர்க் உளவாளியாகி, 1944 டிசம்பரில் ஜூரிச்சில் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் சொற்பொழிவைச் சட்டைக்குள் துப்பாக்கியோடு உட்கார்ந்து கேட்டார். ஜெர்மனி அணுகுண்டை நெருங்கிவிட்டதாகத் தெரிந்தால் சுட வேண்டும் என்பது உத்தரவு. அப்படி எதுவும் தெரியவில்லை, சுடவில்லை.

கூலி

ஜிம் தோர்ப்பின் கதை கூலியில் தொடங்குகிறது. செவ்விந்தியப் பழங்குடியைச் சேர்ந்த அவர் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். மறு ஆண்டே இரண்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். குற்றம்? 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சொற்பக் கூலி வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியது. வேறு கல்லூரி மாணவர்களும் அப்படி ஆடினார்கள், புனைபெயரில். தோர்ப் தன் சொந்தப் பெயரில் ஆடினார். முறையீடு செய்ய விதிப்படி இருந்த 30 நாள் கெடு எப்போதோ தாண்டியிருந்தது, அதையும் பொருட்படுத்தவில்லை. டெகத்லானில் இரண்டாவதாக வந்த ஸ்வீடன்காரர் ஹியூகோ வீஸ்லாண்டர் தனக்கு ஒதுக்கிய தங்கத்தை ஒருபோதும் ஏற்கவில்லை. 1920-ல் இன்றைய என்.எஃப்.எல். தொடங்கியபோது அதன் முதல் தலைவர் தோர்ப். 1953-ல் வறுமையில் இறந்தார். அவரே தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொண்டது 2022-ல்.

1950 முதல் 70-கள் வரை பெயர்பெற்ற ஆட்டக்காரர்களுக்கும் சீசன் முடிந்தால் வேறு பிழைப்பு வேண்டியிருந்தது. நியூயார்க் யாங்கீஸின் யோகி பெர்ராவும் ஃபில் ரிசூட்டோவும் குளிர்காலத்தில் துணிக்கடையில் வேலை பார்த்தார்கள். பிட்ஸ்பர்க்கின் ரிச்சி ஹெப்னர் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினார். லேக்கர்ஸின் எல்ஜின் பெய்லர் 1961–62 சீசன் முழுக்க ராணுவப் பணியில் இருந்தார். வார இறுதி அனுமதிச் சீட்டில் ஓடிவந்து 48 ஆட்டம் ஆடினார். பயிற்சியே இல்லாமல் சராசரி 38.3 புள்ளி. அந்த இறுதித் தொடரில் ஒரே ஆட்டத்தில் 61 எடுத்தார். இறுதித் தொடர்களில் அது இன்றும் முறியடிக்கப்படவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து அதே பெய்லர் உட்பட என்.பி.ஏ.யின் இருபது பெரிய ஆட்டக்காரர்கள் பாஸ்டனில் லாக்கர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1964 ஜனவரி 14. நாடு முழுவதும் நேரடியாக ஒளிபரப்பாகவிருந்த ஆல்-ஸ்டார் ஆட்டம். ஓய்வூதியத்துக்கு உறுதி தராவிட்டால் களமிறங்க மாட்டோம் என்றார்கள். லேக்கர்ஸ் உரிமையாளர் மிரட்டிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. ஒளிபரப்பு நேரம் நெருங்க நெருங்க, லீகின் தலைவர் கதவுக்கு வெளியே வந்து வாக்குக் கொடுத்தார். ஆட்டம் சற்றுத் தாமதமாகத் தொடங்கியது. அந்தக் கதவு சாத்தியிருந்த சில நிமிடங்கள், என் மதிப்பில், சேம்பர்லினின் 100-ஐவிடப் பெரியவை.

படித்துத் தப்பித்தவர்களும் இருந்தார்கள். கிளீவ்லாண்ட் பிரவுன்ஸின் ஃபிராங்க் ரையன் 1964-ல் என்.எஃப்.எல். பட்டம் வென்றார், 1965-ல் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். மினசோட்டாவின் ஆலன் பேஜ் ஆடிக்கொண்டே சட்டம் படித்து, பின்னர் அந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியானார். எல்லோருக்கும் முன்னோடி பைரன் வைட். 1938-ல் பிட்ஸ்பர்க் அணி அவருக்கு 15,800 டாலர் கொடுத்தது. லீகிலேயே அதிகச் சம்பளம். அந்த ஆண்டு பந்தோடு அதிக தூரம் ஓடியவரும் அவரே. 1962-ல் அதிபர் கென்னடி அவரை நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். பத்து ஆண்டுகள் கழித்து ஒரு விளையாட்டு வழக்கு அவர் முன் வந்தது.

வழக்குப் போட்டவர் கர்ட் ஃப்ளட். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் நடுக்களத்தில் நின்ற கறுப்பின ஆட்டக்காரர். ஏழு முறை சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறை வாங்கியவர். 1969 அக்டோபரில் அவரைக் கேட்காமலேயே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைய விதிப்படி ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அணியின் உடைமை. விற்கலாம், மாற்றலாம், அவர் வேறெங்கும் போக முடியாது. ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளம் வாங்கிய ஃப்ளட் அதை விட்டெறிந்து, நான் வாங்கி விற்கும் பொருள் அல்ல என்று பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். ஜாக்கி ராபின்ஸன் வந்து அவருக்காகச் சாட்சி சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை.

1972 ஜூன் 19-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்று ஃப்ளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன் பேஸ்பால் பித்தர். தீர்ப்பின் முதல் பகுதியை ஆட்டத்தின் வரலாற்றுக்கே ஒதுக்கி, எண்பதுக்கும் மேற்பட்ட பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை ஆசை ஆசையாக அடுக்கினார். தலைமை நீதிபதியும் பைரன் வைட்டும் தீர்ப்பில் சேர்ந்துகொண்டார்கள். அந்த முதல் பகுதியில் மட்டும் சேர மறுத்தார்கள். முன்னாள் ஆட்டக்காரரான வைட்டுக்கு அந்தப் பட்டியல் ஒவ்வவில்லை. ஆனால் உயிரோடு எதிரே நின்ற ஆட்டக்காரருக்கு எதிராகத்தான் அவரும் வாக்களித்தார். இது எனக்கு இன்னும் ஆறவில்லை. பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் அன்பு, எதிரே நின்ற ஒருவனின் கூலிக்கும் சுதந்திரத்துக்கும் முன்னால் கண்ணை மூடிக்கொண்டது.

ஃப்ளட் தோற்றார், ஆட்டமும் போனது. அவர் கிளப்பிய கேள்வி போகவில்லை. 1975 டிசம்பரில் தொழில்தகராறு நடுவர் பீட்டர் சைட்ஸ், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் சுதந்திரமானவர் என்று இரண்டு பிட்சர்களின் வழக்கில் தீர்ப்புச் சொன்னார். இன்றைக்கு மேஜர் லீகில் சராசரிச் சம்பளமே 40 லட்சம் டாலருக்கு மேல். ஃப்ளட் 1997 ஜனவரி 20-ல், 59 வயதில் இறந்தார். மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஆட்டக்காரர்களின் உரிமைக்கு ஒரு சட்டம் இயற்றி அவர் பெயரை வைத்தது.

கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில் ஃப்ளட்டுக்குப் பட்டயம் இல்லை. வழக்கில் அவருக்குத் துணை நின்ற தொழிற்சங்கத் தலைவர் மார்வின் மில்லரைக்கூட, அவர் இறந்து ஏழு ஆண்டு கழித்து, 2019-ல் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஃப்ளட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வுக் குழு இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.